இரட்டைத் தட்டும் மூன்றாம் பிரதியும்

எமது இல்லக் கணினியில் இரு வன்தட்டுகளைப் பொருத்தி, ஒன்றிற் பதிவது மற்றதிலும் உடனே பதியுமாறு அமைத்தோம். ஒன்று பழுதுற்றாலும் மற்றது காக்குமென இறுமாந்திருந்தோம். சென்ற ஆண்டு அன்னையாரின் நிழற்படங்களைக் கைதவறி அழித்தோம். அக்கணமே இரண்டிலும் அவை மறைந்தன! வாசகர்களே, இரட்டைத் தட்டு இயந்திரப் பழுதுக்கு அரண், கைப்பிழைக்கு அன்று.

1998இல் பிக்சார் நிறுவனத்திலே 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் பிழையான கட்டளையொன்றால் அழிந்தன. காப்புப் பிரதிகளும் கைகொடுத்தில. மகப்பேற்றின்பின் வீட்டிலிருந்தே பணியாற்றிய கலின் சஸ்மன் அம்மையாரின் கணினியிலிருந்த பிரதியே படத்தைக் காத்தது.

இப்பொழுது வெளித்தட்டொன்றிற் பிரதியெடுத்து, கழற்றி, தமக்கையார் இல்லத்தில் வைக்கின்றோம். மாதமொருமுறை அதனைத் திறந்தும் பார்க்கின்றோம். அன்னையாரின் படங்களுட் பதினொன்று தமக்கையாரின் கைத்தொலைபேசியிலிருந்து மீண்டன, ஏனையவை மீளவில்லை.