தன் நரம்பையே தாக்கும் பிறபொருளெதிரி

விசர்நாய்க்கடி என்றதும் எங்கள் உம்மும்மாவின் வயதுக்காரர்கள் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளைத்தான் சொல்வார்கள். மாளிகாவத்தை மாடிவீடுகளில் பிள்ளைகளைத் தெருநாய்களிடமிருந்து விலக்க இன்றும் அந்தக் கதை உதவுகிறது. வலியைப் பற்றியே பேசுகிறோம். மருந்துக்குள் இருந்ததைப் பற்றிப் பேசுவதில்லை.

இருந்தது ஆட்டு மூளை. டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911இல் இந்தியாவின் கசௌலியில் வகுத்த முறையைத் தழுவி, வைரசு ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, பீனோல் சேர்த்து, ஊசிமருந்தாக்கினார்கள். எத்தனையோ உயிர்களை அது காத்தது. ஆனால், சிலருக்கு ஊசி போட்ட சில நாட்களில் கைகால்கள் செயலிழந்தன. ஆட்டு மூளையின் புரதங்களும் இலிப்பிட்டுகளும் நம்முடையவற்றை ஒத்தவை அல்லவா? தாய்லாந்தில் இவ்வாறு பாதிக்கப்பட்டோரின் குருதியில் மயலின் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்ததை 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியா 2004 டிசம்பரில் இம்மருந்தின் உற்பத்தியை நிறுத்தியது. இன்றைய தடுப்பூசி கலவளர்ப்பில் தயாராவது; அதில் மூளை இல்லை. பழைய கதைக்குப் பயந்து யாரும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஊசியே போடாதவருக்கும் இதே முடக்கம் வரலாம். 1916இல் பிரான்சில் விவரிக்கப்பட்ட கிலன்-பாரே நோய் அது. இங்கே கதை இன்னும் விசித்திரமானது. நரம்புக்கல மென்சவ்வில் கங்கிலியோசைட்டு என்னும் இலிப்பிட்டு உண்டு. அதன் கொழுப்புப் பகுதி மென்சவ்வுக்குள் புதைந்திருக்கும். வெல்லச் சங்கிலி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சரியாக வேகாத கோழியிறைச்சியால் பரவும் கம்பைலோபக்டர் ஜெஜுனி என்ற பற்றீரியாவின் மேற்பரப்பிலும் ஏறத்தாழ அதே வெல்லச் சங்கிலி! வயிற்றோட்டத்தின்போது அப்பற்றீரியாவுக்கு எதிராக உருவான பிறபொருளெதிரி, ஓரிரு வாரங்களின் பின் நரம்பிலுள்ள ஜீஎம்1 கங்கிலியோசைட்டிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனைத் தொடர்ந்து குருதியிலுள்ள நிரப்பிப் புரதங்கள் மென்சவ்வைத் துளைக்கின்றன. வயிற்றோட்டம் வந்த மிகச் சிலருக்கே இப்படி நேர்கிறது. எல்லா நோயாளியிலும் இந்தப் பிறபொருளெதிரி காணப்படுவதும் இல்லை.

எந்த இலிப்பிட்டு தாக்கப்படுகிறதோ அதற்கேற்ப நோயும் மாறுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கண்ணை அசைக்கும் நரம்புகளில் ஜீகியூ1பி அதிகம். அதற்கு எதிரான பிறபொருளெதிரி உருவானால் கண்ணசைவு தடைப்பட்டு, நடையும் தள்ளாடும். இது மில்லர் பிஷர் நோய்.

மூச்சுத்தசைகள் தளர்ந்தால் சுவாச இயந்திரம் தேவைப்படும். குருதியின் திரவவிழையத்தை மாற்றிப் பிறபொருளெதிரியை அகற்றலாம். அல்லது பலரின் குருதியிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை நாளத்தில் ஏற்றலாம். பெரும்பாலானோர் மீண்டும் நடக்கிறார்கள். ஆனால், நரம்பிழையே அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை போய்ச்சேரவே ஒரு வருடத்துக்கு மேலாகும்.