பிள்ளைகளை ஆட்கொண்ட புதிய ஆட்டம்

விளையாட்டு இல்லாத காலம் என ஒன்று இருந்ததில்லை. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, சடுகுடு, கிளித்தட்டு என்று நம் முன்னோர் ஆடி மகிழ்ந்த ஆட்டங்கள் பல. சினிமா வந்தபோது பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று பெரியோர் அஞ்சினர். தொலைக்காட்சி வந்தபோதும் அதே அச்சம் எழுந்தது. ஆயினும், 2018-ஆம் ஆண்டில் நம் இல்லங்களுக்குள் நுழைந்த ஒரு கைப்பேசி ஆட்டம் பரவிய வேகத்தைப்போல் வேறொன்றையும் நாம் கண்டதில்லை. ‘பப்ஜி’ என்பது அதன் சுருக்கப் பெயர். தாயகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் வாழும் நம் போன்ற குடும்பங்களில் அப்பெயரைக் கேளாத பெற்றோர் அரியர். அது எங்கே பிறந்தது, எவ்வாறு இத்துணைச் செல்வாக்குப் பெற்றது, நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

ஆட்டத்தின் பிறப்பு

இவ்வாட்டத்தைக் கற்பனை செய்தவர் அயர்லாந்து நாட்டினரான பிரெண்டன் கிரீன் என்பவர். பெரிய நிறுவனம் எதிலும் விளையாட்டு அமைக்கும் பணியைப் பயின்றவர் அல்லர் அவர். பிரேசில் நாட்டில் வசித்த காலத்தில், பிறர் அமைத்த ஒரு போர் விளையாட்டைத் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைத்துப் பழகினார். பலர் தம்முள் பொருது, இறுதியில் ஒருவரே எஞ்சுவது என்ற கருத்தை, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பேட்டில் ராயல்’ என்னும் ஜப்பானியத் திரைப்படம் அவருக்கு அளித்தது. தென்கொரியாவைச் சேர்ந்த புளூஹோல் என்னும் நிறுவனம் அவரை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தது.

2017 மார்ச்சு மாதத்தில், முற்றுப்பெறாத நிலையிலேயே, கணினிகளுக்கான ஆட்டம் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஜனவரியில் ஒரே நேரத்தில் 32 இலட்சம் பேருக்கு மேல் அதனை ஆடிக்கொண்டிருந்தனர். முன்னணி நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு ஆக்கிய ஆட்டங்கள் பலவும் எட்டாத எண்ணிக்கை இது. விளையாட்டு உலகமே வியப்புற்றது என்றால் மிகையன்று.

ஆடும் முறை

ஆடாதவர்க்கும் விளங்குமாறு அதன் அமைப்பைக் கூறுவோம். நூறு பேர் ஒரு விமானத்தில் ஏற்றப்படுகின்றனர். கீழே எட்டுக் கிலோமீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட நிலப்பரப்பு. அவரவர் விரும்பிய இடத்தில் பாராசூட்டின் துணையால் குதிக்கலாம். குதிப்பவர் கையில் ஆயுதம் ஏதும் இராது. ஆளில்லா வீடுகளில் புகுந்து துப்பாக்கி, கவசம், மருந்து முதலியவற்றைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். நேரம் செல்லச் செல்ல, பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்திற்கு வெளியே நிற்பவர் வலுவிழந்து மடிவர். ஆகவே ஒளிந்திருப்பவரும் வெளிவந்தே தீரவேண்டும். ஏறக்குறைய அரைமணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வென்றவர்க்குத் திரையில் தோன்றும் பரிசு ‘கோழி விருந்து’ என்னும் வாழ்த்து மட்டுமே!

இம்முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. நூற்றுவரில் தொண்ணூற்றொன்பது பேர் தோற்பது உறுதி. ஆதலால் தோல்வி அவமானமாகத் தோன்றுவதில்லை; ‘இன்னும் ஒரு முறை’ என்னும் ஆசையே எழுகின்றது. தனியே ஆடலாம்; நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும் ஆடலாம். அவ்வணியே நம் பிள்ளைகளைப் பெரிதும் ஈர்த்தது.

இந்நாட்டில் பரவிய விதம்

சீனாவின் டென்சென்ட் நிறுவனம் உருவாக்கிய கைப்பேசி வடிவம் 2018 மார்ச்சில் உலகெங்கும் வெளிவந்தது. அதன் நல்வாய்ப்பு, இந்தியாவில் அதற்கான நிலம் முன்பே பண்படுத்தப்பட்டிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபின், அதுவரை ஒரு ஜி.பி.க்கு 200 ரூபாயைத் தாண்டியிருந்த இணையக் கட்டணம் மிகவும் இறங்கிவிட்டது. விலை குறைந்த கைப்பேசிகளும் கடைகளில் நிறைந்தன. அயல்நாட்டுப் பிள்ளைகள் விளையாட்டுக்கென்றே தனிக்கருவி வாங்குவர். நம் நாட்டு நடுத்தர வீடுகளில் அவ்வழக்கம் அரிது. தந்தையின் கைப்பேசியிலேயே, காசு கொடாமலே ஆடக்கூடிய ஆட்டம் வந்தபோது, பிள்ளைகள் அதனை விட்டுவைப்பரோ?

இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் நாம் இதன் மற்றொரு பக்கத்தையும் கண்டோம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய இலவச வைஃபை வசதி, 2018 ஜூன் மாதத்திற்குள் 400 நிலையங்களை எட்டியது. தேர்வுக்குப் படிக்கும் ஏழை மாணவர் பலர் அதனால் பயன்பெற்றனர். அதே நடைமேடையில், அதே வசதியைக்கொண்டு, நால்வர் நால்வராகக் கூடிப் பப்ஜி ஆடிய இளைஞரும் உண்டு. கல்லூரி மாணவர்க்கென 50 இலட்ச ரூபாய்ப் பரிசில் நாடு தழுவிய போட்டியும் அவ்வாண்டே நடைபெற்றது. 2019 ஜனவரியில், மாணவர்களோடும் பெற்றோர்களோடும் பிரதமர் உரையாடிய கூட்டத்தில் ஒரு தாய் தம் மகனைப் பற்றி முறையிட்டபோது, பிரதமரே இவ்வாட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க, அரங்கம் முழுவதும் சிரித்தது.

தடையும் மீட்சியும்

சிரிப்புக்கு இடமில்லாத செய்திகளும் வந்தன. 2019 மார்ச்சில் மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலியில், ஆட்டத்தில் ஆழ்ந்து தண்டவாளத்தருகே இருந்த இளைஞர் இருவர் இரயில் மோதி மாண்டனர். அதே மாதத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை இவ்வாட்டத்தைத் தடைசெய்தது. மீறி ஆடிய மாணவர் சிலர் கைது செய்யப்பட்டனர்.

ஆயினும் நாடு முழுவதற்குமான தடை வேறு காரணத்தால் வந்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலுக்குப் பின், நாட்டின் பாதுகாப்பைக் கருதி, அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் மைய அரசு 118 செயலிகளைத் தடுத்தது. பப்ஜியும் அவற்றுள் ஒன்று. அதுகாறும் இந்தியாவில் சுமார் 17.5 கோடி முறை அது கைப்பேசிகளில் இறக்கப்பட்டிருந்ததாகச் சென்சார் டவர் என்னும் நிறுவனம் மதிப்பிட்டது. உலக மொத்தத்தில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு!

பின்னர், கொரிய நிறுவனமான கிராப்டன் தானே பொறுப்பேற்று, 2021 ஜூலையில் இந்தியாவுக்கென வேறு பெயரில் அதனை வெளியிட்டது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம் என்ற விதிகள் சேர்க்கப்பட்டன. 2022 ஜூலையில் அதுவும் தடுக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் சோதனை முறையில் மீண்டும் அனுமதி பெற்றது. கதவைச் சாத்தினாலும் சன்னல் வழியே வந்துவிடும் காற்றைப் போன்றது மக்கள் விருப்பம் என்பதற்கு இது சான்று.

நம் வீடுகளில்

இனி நம் நிலையைச் சிந்திப்போம். சொந்த ஊரில் பாட்டனார், மாமன், அத்தை என்று பலர் பிள்ளைகளைக் கவனிப்பர். இங்கோ தந்தைக்கு இரவுப் பணி. தாய்க்கு வீட்டு வேலை. சுற்றத்தார் ஆயிரம் மைலுக்கப்பால். மாலைப்பொழுதில் தனித்திருக்கும் பிள்ளைக்குக் கைப்பேசியே தோழனாகி விடுகின்றது. ஆதலால் ஆட்டத்தை மட்டும் பழித்துப் பயனில்லை. அப்பிள்ளையின் தனிமையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில், இந்தியில் படித்து இந்தியிலேயே பேசி வந்த சிறுவன், திருநெல்வேலியிலுள்ள அத்தை மகனோடு அணிசேர்ந்து ஆடத் தொடங்கினான். ‘அத்தான், பின்னால வர்றான், பாருங்க!’ என்று அவன் கூவியதைக் கேட்ட தாயார், கண்டிப்பதா மகிழ்வதா என்றறியாமல் நின்றார். ஓராண்டுத் தமிழ் வகுப்பு தராத பழக்கத்தை அவ்வாட்டம் தந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அதே காதுக்கருவியின் வழியே, முன்பின் அறியாதவர் பேசும் வசைச்சொற்களும் பிள்ளையின் செவியில் விழும் என்பதையும் மறத்தலாகாது.

ஆட்டமெல்லாம் நோயும் அன்று. உலக சுகாதார நிறுவனம் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை 2019-இல் தன் நோய்ப்பட்டியலில் ஏற்றபோது, அளவு கடந்து கட்டுப்பாடு இழத்தல், பிற கடமைகளைவிட ஆட்டமே முதன்மையாதல், கேடு கண்டும் விடாமை என்னும் அடையாளங்களை வகுத்தது. இந்நிலை பொதுவாக ஓராண்டேனும் நீடித்தல் வேண்டும் என்றும் கூறியது. தேர்வுக்கு முதல்நாள் ஒருமணி நேரம் ஆடியவனை நோயாளி என்று தூற்றுதல் தகாது. உறக்கமும் உணவும் பள்ளியும் மாதக்கணக்கில் கெடுமாயின், வெட்கப்படாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடன்.

பெற்றோர் சில நியமங்களைக் கைக்கொள்ளலாம். பணம் செலுத்தும் செயலியின் இரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்குத் தெரிவித்தலாகாது. ஆட்டத்தில் விற்கப்படும் உடைகளும் துப்பாக்கி வண்ணங்களும் வெற்றிக்குத் தேவையற்றவை. ஆனால் மாதச் சம்பளத்தைக் கரைக்க வல்லவை. யாருடன் ஆடுகின்றான் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். படுக்கும் வேளையில் கைப்பேசி பெற்றோர் அறையில் இருக்கட்டும். நடைமேடையிலும் தண்டவாளத்தருகிலும் காதுக்கருவி கூடவே கூடாது. திரையில் மடிந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுவான், தண்டவாளத்தில் அவ்வாறில்லை.

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. ஞாயிறு மாலைகளில் நம் சங்கத்தில் கேரம் பலகையும் சதுரங்கமும் பெரும்பாலும் ஆளின்றிக் கிடக்கின்றன. அணி சேர்ந்து ஆடுவதில் பிள்ளைகளுக்குள்ள வேட்கையைப் பப்ஜி நமக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிவிட்டது. நான்கு பிள்ளைகளைக் கூட்டி வருதல் ஒரு தந்தைக்கு அரிதன்று. அன்பர்கள் வரும் ஞாயிறன்றே முயல்வார்களாக.