விடுதியின் சாவி யாரிடம்?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகிற வழியில் உத்தனப்பள்ளி இருக்கிறது. கேழ்வரகும் தக்காளியும் விளைகிற பூமி. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இந்த ஓசூர்ச் சீமையைச் சேர்ந்ததுதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்த இந்த வட்டாரத்தில் இப்போது ஹிந்தியும் ஒரியாவும் சேர்ந்து கேட்கின்றன. காரணம், 2020-ல் பிறந்த டாட்டா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. ஐபோனின் மேற்கூடு இங்கேதான் தயாராகிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ராஞ்சி, ஹஸாரிபாக் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் 6,000 பேர் இந்த வேலையில் பயிற்சி பெறுவதாக 2022-ல் மத்திய மந்திரி ஒருவர் பெருமையுடன் அறிவித்தார்.

டாட்டா என்றதும் நம்மவர்களுக்குச் சுதேசி அபிமானம் பொங்குவது இயற்கை. அதற்கு நியாயமும் உண்டு. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912-லேயே எட்டு மணி நேர வேலை வந்துவிட்டது. 1915-ல் இலவச வைத்தியம். 1920-ல் சம்பளத்துடன் ரஜாவும் சேமநிதியும். 1928-ல் பிரசவ உதவி. இவற்றில் பலவற்றைத் தேசத்தின் சட்டம் எட்டிப் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் அதே 1920-லும் 1928-லும் அங்கே பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும், தொழிலாளர் சங்கத்துக்கு ஸுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். முதலாளியின் தாராள மனசு ஒரு கை. தொழிலாளியின் கூட்டுக் குரல் மற்றொரு கை. இரண்டும் சேர்ந்துதான் ஓசை எழுந்தது.

உத்தனப்பள்ளியில் இன்று பெரிய சௌகரியம் என்று எதைச் சொல்வது? சம்பளத்துக்கு அடுத்தபடி, விடுதிதான். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வருகிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஊரில் யார் ஜாகை கொடுப்பார்கள்? ஆகவே படுக்கை, சாப்பாடு, வேலைக்கு அழைத்துப் போகிற பஸ் எல்லாம் வேலையோடு சேர்ந்தே வருகின்றன. இதில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. வேலையும் படுக்கையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தால், குழம்பில் புழு இருக்கிறது என்று சொல்வதற்குக்கூடத் துணிவு வேண்டும்.

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் நடந்தது நினைவிருக்கலாம். வேறொரு செல்பேசித் தொழிற்சாலையின் பெண்கள் விடுதிச் சாப்பாட்டினால் நோயுற்று, நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு விடுதிகளின் நிலைமை தேசமெங்கும் பேசப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியைச் சர்க்கார் திறந்தது. நல்ல காரியம்.

ஆனால் கட்டடம் மட்டும் போதாது என்பதை உத்தனப்பள்ளியே காட்டியது. 2025 நவம்பரில், இங்குள்ள பெண் ஊழியர் விடுதியின் குளியலறையில் ஒளித்து வைத்த காமிரா ஒன்று அகப்பட்டது. பெண்கள் இரவிலேயே திரண்டு வெளியே வந்து போராடினார்கள். அங்கேயே தங்கியிருந்த ஊழியர் ஒருத்தியைப் போலீஸார் கைது செய்தனர். குற்றம் ஒருத்தியுடையது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். எனினும் அத்தனை பெண்கள் வீதிக்கு வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது என்றால், உள்ளேயே குறையைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு நம்பத் தகுந்த இடம் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

விடுதிகளில் தங்குகிற பெண்களே தேர்ந்தெடுத்த குழு ஒன்று, சமையலறையையும் குளியலறையையும் எந்த நேரத்திலும் பார்வையிடும் உரிமையுடன் அமைய வேண்டும். வேலை போனாலும் ஒரு மாதமாவது படுக்கை நிலைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு பிடிக்காது.

பெண்ணை இத்தகைய வேலைக்கு அனுப்புகிற தகப்பனார்கள் சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று மறவாமல் விசாரிக்கிறார்கள். விடுதிக் காப்பாளரை நியமிப்பது யார், அவர்மேல் புகார் சொன்னால் அதைக் கேட்பது யார் என்றும் அப்போதே விசாரித்துக்கொள்ளட்டும்.