புயலுக்குப் பிறகு தீவுக்குப் பறக்கிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருகின்றன. சிறு விமானத்தில் காலையில் தீவுக்குப் போய் மாலையே திரும்பலாம் என்ற பயணத் திட்டம் குடும்பங்களை ஈர்ப்பதும் அப்போதுதான். அந்தப் பயணத்தில் உங்கள் பணத்தையும் உயிரையும் காப்பது, புறப்படும் முன்பே நீங்கள் எடுக்கும் சில முடிவுகள்.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் புயல் நம்மை எட்டாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல் ஜொகூரில் கரையைக் கடந்தது. அந்த இடம் நமக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் மலாக்கா நீரிணையிலேயே உருவான சென்யார் சுமத்ராவைச் சின்னாபின்னமாக்கியது. அதே வாரம் டிட்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

தீவு மாறியிருக்கலாம்

புயல் அடித்த தீவு விளம்பரப் படத்தில் இருப்பது போல் இராது. படகுத்துறை உடைந்திருக்கும், மணல் அரித்துப் போயிருக்கும், குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு இருக்கும். மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள தியோமான், ரெடாங் தீவுகளில் புயலே வராவிட்டாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல விடுதிகள் மூடிக்கிடக்கும். எனவே விடுதியையோ உள்ளூர்ப் படகுக்காரரையோ நேரடியாக அழைத்து, இன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

சிறு விமானத்தின் எல்லை

தியோமான் ஓடுதளத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், பக்கத்திலேயே குன்றுகள். இத்தகைய இடங்களில் குறுகிய ஓடுதளத்துக்கு ஏற்ற சிறு விமானங்கள்தான் இறங்க முடியும். பக்கவாட்டுக் காற்று பலத்தாலோ மேகம் தாழ்ந்தாலோ விமானி இறங்க மறுப்பார். பயணிகளின் எடையும் பெட்டிகளின் எடையும் கணக்கில் வரும். ஒருநாள் பயணத்தில் மூன்று மணி நேரத் தாமதமே பயணத்தின் பயனைக் கெடுத்துவிடும். அப்படியிருந்தும் விமானி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் காப்பது உங்கள் பிள்ளைகளின் உயிரை. அடுத்த நாள் வேலையோ தேர்வோ இருந்தால் இந்தப் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

விமானம் ரத்தானால்

தாமதத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்று நிர்ணயிக்கும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. பயணச்சீட்டின் நிபந்தனைகளே முதலில் பேசும். மலேசியாவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு அந்நாட்டின் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு உண்டு. 2024 செப்டம்பர் முதல், 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம். பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். நிறுவனம் தீர்க்காத புகாரை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கொண்டு செல்லலாம்.

சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றுள்ள மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதத்தால் நேர்ந்த மெய்யான நட்டத்தை உச்சவரம்புக்கு உட்பட்டுக் கோரலாம். ஆனால் நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து விடுபடும். வானிலை அதன் வலுவான வாதம். வழக்குத் தொடுக்க 2 ஆண்டு அவகாசம். பதிவுசெய்த பெட்டி சேதமானால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

காப்புறுதி: தேதிதான் முக்கியம்

பலர் ஏமாறுவது இங்கேதான். புயல் எச்சரிக்கை வெளியான பிறகு வாங்கிய காப்புறுதி பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். ஆகவே பயணத்துக்குப் பணம் கட்டும் அன்றே காப்புறுதியும் எடுங்கள். சிறு விமானம், முக்குளிப்பு, பயண முகவர் நொடித்துப் போதல் ஆகியவை அதில் அடங்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். விமானம் நின்றால் காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிடும் கடிதத்தை விமான நிறுவனத்திடம் வாங்காமல் நகராதீர்கள். அந்தக் கடிதம் காப்புறுதிக்கு மட்டுமல்ல, முதலாளியிடம் காட்டவும் உதவும்.

முகவர் ஏமாற்றினால்

சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கினாலும் கைப்பேசியில் வாங்கினாலும், முகவர் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றவரா என்று கழக இணையத்தளத்தில் பாருங்கள். “தீவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது” என்று வாய்மொழியாகச் சொன்னால், அதையே குறுஞ்செய்தியில் எழுதித் தரச் சொல்லுங்கள். சேவையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தக) சட்டப்படி நியாயமற்ற செயல். அந்தச் செய்தி உங்கள் சான்று.

முதலில் முகவருக்குத் தேதியிட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதற்கும் முகவர் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை, 2 ஆண்டுக்குள் கோரலாம். வழக்கறிஞர் வாதாட இடமில்லை, நீங்களே பேசலாம். இங்கே உரிமம் பெற்ற முகவரிடம் வாங்குவதன் பெரிய பலன் இதுதான்: பிரச்சினை வந்தால் நியாயம் கேட்க வேறு நாட்டுக்கு அலைய வேண்டாம்.

தீவில் சிக்கிக்கொண்டால் சிங்கப்பூரர்கள் வெளியுறவு அமைச்சின் 24 மணி நேர எண் 6379 8800ஐ அழைக்கலாம். வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது முன்னால் +65 சேருங்கள். புறப்படும் முன்பே அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவுசெய்வது நல்லது. வேலை அனுமதியில் இருக்கும் இந்தியத் தொழிலாளர்கள் தாங்கள் செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளட்டும். மலிவான சீட்டைத் தேடும் அக்கறையில் பாதியை இந்தச் சரிபார்ப்புகளுக்குச் செலவிட்டாலே பெரும்பாலான நட்டத்தைத் தவிர்த்துவிடலாம்.