தாஸ்மேனியப் பேயும் தொற்றும் புற்றும்

நோய் என்பது புறத்தேயிருந்து வந்து உயிரைத் தாக்கும் பகை என்றே நம்மிற் பெரும்பாலார் கருதுகின்றோம். ஒரு கோட்டையைக் கைக்கொள்ளுதற்குப் பகைவனது வலிமை ஒன்றே போதுவதன்று. அகத்துள்ளார் ஒழுகும் முறையும் மதிலின் அமைப்பும் அவனுக்கு இடந்தருதல் வேண்டும். அவ்வாறே காட்டு விலங்குகளிடையே ஒரு நோய் பரவுதற்கு, நோயின் கொடுமையோடு அவ்விலங்கின் நடத்தையும், அது தன் முன்னோர்பாற் பெற்ற மரபும் காரணங்களாகின்றன. இவ்வுண்மையை, ஆஸ்திரேலியாவின் தென்பாலுள்ள தாஸ்மேனியாத் தீவில் வாழும் ஒரு விலங்கின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அவ்விலங்கின் பெயர் தாஸ்மேனியப் பேய் என்பது. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் இனத்தைச் சார்ந்தது, உருவத்தால் ஒரு சிறு நாயை ஒக்கும், கரிய மயிருடையது. இரவிலே திரிந்து, இறந்துபட்ட விலங்குகளின் ஊனை எலும்போடும் மென்று உண்ணும். அதன் அலறலைக் கேட்டு வெருண்ட ஐரோப்பியக் குடியேறிகள் அதனைப் பேய் என்றழைத்தனர். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இவ்வினம் ஏறத்தாழ 3000 ஆண்டுகட்கு முன்னரே அற்றொழிந்தது. ஆகவே, இத்தீவில் அழியின் இயற்கை வாழ்வினின்று முற்றும் அழிந்ததாகவே முடியும்.

1996ஆம் ஆண்டில் தீவின் வடகிழக்குப் பகுதியில், முகத்திற் கட்டிகளோடு கூடிய பேய்கள் முதன்முதற் காணப்பட்டன. வாயைச் சுற்றியும் வாயினுள்ளும் தோன்றும் அக்கட்டிகள் பெருத்துப் புண்ணாகி, உணவு கொள்ள ஒட்டாது தடுக்கும். நோயுற்ற விலங்கு சில திங்களிற் பட்டினியாலோ, உள்ளுறுப்புகளிற் புற்றுப் பரவுதலாலோ மடியும். நோய் நெடுநாள் நிலைத்த இடங்களில் நூற்றுக்கு எண்பதின் மேற்பட்ட பேய்கள் மாண்டன. 2008ஆம் ஆண்டில் இவ்வினம் அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இந்நோயைப் பரப்புவது யாது? புற்றுநோய் பொதுவாக ஓர் உடலிலே தோன்றி அவ்வுடலோடே ஒழிவது. ஆதலின், யாதேனும் ஒரு வைரஸே இதற்குக் காரணமாகலாம் என முதலில் ஐயுற்றனர். 2006ஆம் ஆண்டில் பியர்ஸ், ஸ்விஃப்ட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இம்மறைபொருளை வெளிப்படுத்தினர். நலமுள்ள பேயின் உயிரணுவிற் பதினான்கு குரோமோசோம்கள் உள்ளன. கட்டியின் உயிரணுவிலோ பதின்மூன்றே இருந்தன. அவையும் முறிந்தும் மாறிச் சேர்ந்தும் கிடந்தன. வியப்பு யாதெனில், வெவ்வேறு பேய்களின் கட்டிகளில் அம்முறிவுகள் யாவும் ஒரே தன்மையவாய் இருந்தமையே. மேலும், ஒரு பேயின் சொந்த உயிரணுக்களிற் பிறவியிலேயே அமைந்த ஒரு குரோமோசோம் மாற்றம், அதன் முகத்திலிருந்த கட்டியிற் காணப்படவில்லை. எனவே, அக்கட்டி அவ்வுடலில் முளைத்ததன்று. வேற்றுடலிலிருந்து வந்து குடியேறியது என்பது தெளிவாயிற்று. என்றோ ஒரு பெண்பேயின் நரம்புறை உயிரணு ஒன்றிற் பிறந்த புற்று, அப்பேய் மாண்ட பின்னரும் மாளாது, உடல் விட்டு உடல் பாய்ந்து வாழ்கின்றது. ஈண்டுத் தொற்றுவது கிருமியன்று, புற்றே தொற்றுகின்றது.

இனி, அப்புற்றுச் செல்லும் வழியை நோக்குவோம். பேய்கள் ஒன்றையொன்று முகத்திற் கடிக்கும் இயல்பின. இரையைப் பங்கிடும் பொழுதும், சிறப்பாகப் புணர்ச்சிக் காலத்தும், இக்கடிகள் மிகுதி. கடிபட்டதே நோயுறும் என்று நாம் எளிதில் எண்ணுவோம். ஆயின், 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு மாறானதொன்றைக் காட்டிற்று. உடலிற் குறைந்த கடிகளைத் தாங்கிய பேய்களே மிகுதியும் நோயுற்றன. கட்டிகளும் பலவற்றிற்கு வாயினுள்ளேயே தோன்றின. காரணம் யாது? பிறரை அடக்கியாளும் முரட்டுப் பேய், நோயுற்ற பேயின் கட்டியைக் கடிக்கின்றது. கடித்த வாயிலே புற்றின் உயிரணுக்கள் பற்றிக்கொள்கின்றன. வலியதென்று தருக்கிய வாயே நோய்க்கு வாயிலாயிற்று.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. பல தொற்றுநோய்கள், உயிர்களின் தொகை குறையுந்தோறும் தாமும் தணிவன. நெருக்கம் இல்லையேல் தொற்று இல்லை. இந்நோயோ அத்தன்மையதன்று. எத்துணைச் சில பேய்களே எஞ்சினும், ஆண்டுதோறும் புணர்ச்சிக் காலத்தில் அவை ஒன்றையொன்று தேடிச் சென்று கூடுகின்றன. இனத்தை வளர்க்க வேண்டிய செயலே இனத்தை அழிக்கும் நோயையும் சுமந்து செல்கின்றது. இனம் முற்றும் அழியும் என அறிஞர் அஞ்சியதற்கு இதுவே காரணம்.

கடியால் அயல் உயிரணு உடலுட் புகலாம். ஆயின் அஃது அங்கு நிலைப்பது எங்ஙனம்? ஒவ்வோர் உயிரணுவும் தன் மேற்புறத்தே ஓர் அடையாள முத்திரை தாங்கியுள்ளது. உடலின் காவற்படை அம்முத்திரையை நோக்கித் தன்னது இது, பிறிது இது என்று பகுத்தறியும். முத்திரையை வகுப்பன மரபணுக்கள். தீவில் ஒடுங்கி, முன்னும் பன்முறை தொகை குன்றிய பேய்களிடத்தில் இம்மரபணு வேறுபாடு மிகக் குறைவு என 2007ஆம் ஆண்டிற் கண்டனர். எல்லார் முத்திரையும் ஒத்திருந்தமையின் காவற்படை மயங்கிற்று என்று கருதினர். ஆயின், ஒரு பேயின் தோலை மற்றொன்றிற்கு ஒட்டியபோது உடல் அதனை ஏற்காது தள்ளிற்று. ஆகவே மரபின் வறுமை ஒன்றே முழுக் காரணம் அன்று. புற்றின் உயிரணு தன் முத்திரையையே மறைத்துக்கொள்கின்றது என்பது 2013ஆம் ஆண்டில் விளங்கிற்று. காவலர் கண்ணிற் படாமல் நுழையும் கள்வனின் திறம் இது.

எனினும், மரபு மாறாத விதியன்று. முன்னர் இரண்டாம் ஆண்டிற் கருவுற்ற பெண்பேய்கள், நோய் பரவிய இடங்களில் முதலாண்டிலேயே கருவுறத் தலைப்பட்டன. மடியுமுன் ஒரு முறையேனும் ஈன வேண்டுமன்றோ! மேலும், நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள், நோய் எதிர்ப்பைச் சார்ந்த மரபணுப் பகுதிகள் சில, வெவ்வேறிடத்துப் பேய்களில் ஒரே திசையில் மாறியுள்ளன என 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கட்டி தானே கரைந்து பிழைத்த பேய்களும் சில உள. ஆனால் 2014ஆம் ஆண்டிலேயே, வேறொரு பேயிற் பிறந்த இரண்டாவது தொற்றும் புற்றும் தீவின் தென்கிழக்கிற் காணப்பட்டமையின், அச்சம் நீங்கிற்றில்லை.

இந்நிலையில் மனிதர் செய்யத்தக்கது யாது? நோயற்ற பேய்கள் சிலவற்றை 2012, 2013ஆம் ஆண்டுகளில் மரியா என்னும் சிறு தீவிற் குடியேற்றினர். அவை பெருகின, ஆயின், ஆங்கு ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு வாழ்ந்த சிறு பென்குவின்கள் அற்றுப்போயின என 2021ஆம் ஆண்டிற் செய்தி வந்தது. காப்பில் வளர்ந்தவற்றைக் காட்டிற் கலந்தால், காட்டுப் பேய்கள் தலைமுறைகளாய் உயிர் கொடுத்து ஈட்டிய எதிர்ப்பாற்றல் நீர்த்துப்போகும் என்று அஞ்சுவாரும் உளர். கலவாவிடின் மரபு மேலும் வறுமையுறும் என்று வாதிப்பாரும் உளர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு.

நோயை மட்டும் ஆராய்ந்து மருந்து தேடுதல் இங்குப் போதாது என்பது இதனாற் பெறப்படும். நோயுற்ற உயிர் எவ்வாறு கூடுகின்றது, எவ்வாறு பூசலிடுகின்றது, எம்மரபினின்று வந்தது என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே அதற்கு உதவக் கை நீட்டுதல் தகும். அறியாது செய்யும் உதவி, ஓருயிரைக் காக்கப் புகுந்து மற்றோருயிரை மாய்த்தலும் கூடும். கல்வி பயிலும் நாம், இரக்கத்தோடு அறிவையும் துணைக்கொண்டாலன்றிக் காட்டுயிர்கட்கு நன்மை செய்தல் அரிது.