பூந்தமல்லி நெடுஞ்சாலை – 9
பேசாத காதல்

அம்பத்தூர், ஆவடிக்காரர்களிடம் ஷூட்டிங் என்று சொன்னால் செம்பரம்பாக்கத்து ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியைக் கை காட்டுவார்கள். அதே சாலையைப் பிடித்து பூந்தமல்லி, மதுரவாயல் தாண்டி ஊருக்குள் வந்தால் பழைய கதை ஒன்று கிடக்கிறது. 1934-ல் ஏ. நாராயணன் பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் ஸ்ரீனிவாசா சினிடோனைத் தொடங்கினார். சென்னையின் முதல் பேசும்பட ஸ்டூடியோ அது. அதுவரை தமிழ்ப் படம் பேச வேண்டுமென்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும்.

அதற்கும் முன்னால், 1929-லேயே ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி வைத்து ஊமைப்படங்களை எடுத்துத் தள்ளியவர் நாராயணன். 'கோவலன்', 'கருட கர்வபங்கம்' என்ற பெயர்களைப் படித்தாலே போதும், கதை தெரிந்துவிடும். நடராஜ முதலியார் புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் தென்னகத்தின் முதல் ஊமைப்படமான 'கீசக வதம்' எடுத்த நாளிலிருந்து நம் வழக்கம் அதுதான். வாய் திறக்காத படத்துக்குத் தெரிந்த கதை சவுகரியம். எழுத்து அட்டையைப் படிக்கத் தெரியாதவருக்கும் திரௌபதி ஏன் அழுகிறாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற படங்களுக்கு, திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நாம் தெரிந்த புராணத்தையே எடுத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நார்வேக்காரர்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். 1920-ல் ராஸ்முஸ் பிரைஸ்டைன் கிராமத்துக் காதலை வைத்து 'ஃபான்டே ஆன்னே' எடுத்தார். 1927-ல் லீஃப் சிண்டிங் எலிசபெத் என்ற பெண்ணின் பெயரில் ஒரு நகைச்சுவைப் படமே எடுத்தார். அங்கே தியேட்டர்கள் பெரும்பாலும் நகராட்சிகளின் கையில் இருந்தன. வசூல் ஊர்ச் செலவுக்குப் போனதால் படம் எடுக்கப் பணம் சேரவில்லை, படங்களும் கொஞ்சம்தான். ஆனால் எடுத்த கொஞ்சத்திலும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பையனும் இருந்தார்கள்.

நம் ஊரில் அந்தப் பெண்ணையும் பையனையும் திரைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை ராஜா சாண்டோ. நாகலிங்கம் என்பது இயற்பெயர். கட்டுமஸ்தான உடம்புக்காக வந்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. பம்பாயில் ஊமைப்பட நட்சத்திரமாக இருந்தவர், 1930 வாக்கில் சென்னைக்கு வந்து அசோசியேட்டட் ஃபிலிம்ஸுக்காக 'பேயும் பெண்ணும்', 'அனாதைப் பெண்', 'ராஜேஸ்வரி' என்று வரிசையாக இயக்கினார். சமகாலத்து வீடு, சமகாலத்து மனிதர்கள். டி.பி. ராஜலட்சுமி இந்த ஊமைப்படங்களில் நடித்தவர்தான். பின்னாளில் இயக்குநரான கே. சுப்ரமணியம் சினிமா கற்றுக்கொண்டதும் இந்தக் கம்பெனியில்தான்.

சரியாக அந்த நேரத்தில் படம் வாய் திறந்தது. 1931 அக்டோபர் 31-ல் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அதே ராஜலட்சுமியோடு. இனி சாதாரண மனிதர்கள் திரையில் பேசிக்கொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. பாட்டு வேண்டும், பாடத் தெரிந்தவர் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் நாடக மேடைக்கு ஓடினார்கள். மேடையில் வள்ளியும் பவளக்கொடியும் சத்தியவானும் தயாராக நின்றார்கள். ஸ்ரீனிவாசா சினிடோன் எடுத்ததும் 'ஸ்ரீனிவாச கல்யாணம்'. ஒலி வந்ததை முன்னேற்றம் என்று வரலாறு எழுதுகிறது. கதை விஷயத்தில் அது நம்மை நாலு வருஷம் பின்னால் தள்ளியது என்பேன்.

ராஜா சாண்டோவின் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட இன்று பார்க்க முடியாது. அப்போதைய நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கும், மக்கும். தென்னகத்து ஊமைப்படங்களில் நமக்கு மிஞ்சியிருப்பது நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அதன் மூல நாவலின் உரிமை குறித்து வழக்குப் போட்ட பதிப்பகத்திடம் பிரதி முடங்கியதால் தப்பித்தது. மற்ற படங்கள் மீதும் யாராவது வழக்குப் போட்டிருக்கலாம்!

விட்ட இடத்திலிருந்து தொடங்க 1935 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' பேசும்படமாயிற்று. இயக்கியவர் ராஜா சாண்டோ. சிரிக்கவைக்க அதில் ஒரு புதுமுகமும் இருந்தார். பெயர் என்.எஸ். கிருஷ்ணன்.

(அடுத்த வாரம்: ஸ்ரீனிவாசா சினிடோனில் ஒலிப்பதிவு செய்த மீனா நாராயணன்)