கூடிப் பேசும் சீமை: மேலூர் வட்டத்தின் கல், நீர், மக்கள்

2025 ஜனவரி 7 அன்று மேலூரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. நரசிங்கம்பட்டியிலிருந்து திருச்சி நான்குவழிச் சாலை வழியாக ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கிக் கிளம்பினார்கள். வயலை விட்டு வந்த பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்பது அவர்களின் தலையாய கோரிக்கை. பதினாறு நாள் கழித்து, ஜனவரி 23 அன்று, மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

சுரங்கத்துக்கு எதிரான போராட்டங்கள் இந்தியாவில் பல. பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் இழுபடும். ஏலம் எடுத்தவரின் பெயர் அறிவிக்கப்பட்டு மூன்று மாதம் முடிவதற்குள் மேலூர் இதைச் சாதித்தது. அந்த வலு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்த வட்டாரத்தின் பாறையிலிருந்தும் கண்மாயிலிருந்தும் ‘நாடு’ என்னும் பழைய அமைப்பிலிருந்தும் பதிலைத் தொடங்க வேண்டும்.

மலையடிவாரத்துக் கண்மாய்கள்

மதுரையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் மேலூர் இருக்கிறது. மேற்கே அழகர்மலை, வடக்கே நத்தம் பக்கத்துக் குன்றுகள், கிழக்கே சிவகங்கை மாவட்டத்தின் சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பகுதிகள். வட்டத்தின் வடபாதியான கொட்டாம்பட்டி ஒன்றியம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. தென்பாதியான மேலூர் ஒன்றியத்துக்குப் பெரியாறு கால்வாய் வருகிறது.

இடையிடையே மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பயிருக்கு உதவாதவை போலத் தெரியும் இவைதான் இங்கே நீரின் தொடக்கம். பாறையில் விழும் மழை அப்படியே வழிந்து இறங்குகிறது. இடுக்குகளில் தங்குவது சுனையாகிறது. மிச்சம் ஓடையாக ஓடி அடிவாரக் கண்மாயில் சேர்கிறது. அந்தக் கண்மாய் நிறைந்தால் கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஒரு வரத்துக்கால் அடைபட்டால் கீழே உள்ள நாலைந்து ஊர் காய்ந்துவிடும். பக்கத்து ஊருடன் பேசாமல் இங்கே விவசாயம் செய்ய முடியாது.

பாறையில் பெயர் எழுதியவர்கள்

அரிட்டாபட்டியை ஒட்டிய மீனாட்சிபுரத்தின் மலைக் குகைகளில் இருக்கும் மாங்குளம் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் இவையும் சேர்கின்றன. கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி இவற்றில் இருக்கிறது. கொடுத்தவர்களில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரியான கடலன் வழுதியும் ஒருவர். வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவான நிகமத்தாரும் கொடை கொடுத்திருக்கிறார்கள். அந்த வெள்ளறை இன்றைய வெள்ளரிப்பட்டியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே கூட்டாகக் கொடை கொடுத்துக் கூட்டாகப் பெயர் பொறித்துக்கொண்ட ஓர் அமைப்பு இருந்தது என்பதற்கு இது கல்லில் உள்ள ஆதாரம்.

கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி ஆகிய ஊர்க் குன்றுகளிலும் சமணப் படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அரிட்டாபட்டியில் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலில், தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும் லகுலீசர் சிற்பம் இருக்கிறது.

நாடும் அம்பலமும்

மேலூரில் ‘எந்த நாடு?’ என்று கேட்டால் தேசத்தைக் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு நாடு. கள்ளர் சமூகத்தவர் பெரும்பான்மையாக வாழும் இந்தப் பகுதியில் நாட்டுக்குள் கரைகள் என்னும் பிரிவுகள், கரைக்கொரு அம்பலம் என்னும் தலைவர் என்று அடுக்கு போகும். கோயில் மரியாதை, கண்மாய் மீன், மடை திறப்பு, ஊர் வழக்கு எல்லாம் அம்பலங்கள் கூடிப் பேசி முடிவு செய்த விஷயங்கள்.

வெள்ளலூர் நாட்டின் ஏழைகாத்த அம்மன் திருவிழாவில் இதை இன்றும் பார்க்கலாம். அறுபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் சேர்ந்து புரட்டாசியில் எடுக்கும் விழா இது. ஏழு சிறுமிகளைத் தேர்ந்து தெய்வமாகவே கொண்டாடுவார்கள். பெண்கள் மதுக்கலயம் சுமப்பார்கள். ஆண்கள் உடம்பில் வைக்கோல் பிரி சுற்றி, முகமூடி போட்டு வருவார்கள். கோடையில் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவும் ஊர்க்கூட்டத்தின் முடிவுதான். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருக்கும் சுற்றுப்பட்டிக்காரர்கள் எல்லாரும் ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சேற்றில் இறங்குவார்கள்.

பிரிட்டிஷார் முதலில் மோதியதும் இந்த நாடுகளோடுதான். 1755இல் கர்னல் ஹெரோனின் கும்பினிப் படை மதுரைக்குப் பக்கத்தில் இருந்த கோவில்குடிக் கோயிலில் சிலைகளைக் கொள்ளையடித்தது. அந்தக் கோயில் திருமோகூர்க் கோயிலே என்று சொல்வோர் உண்டு. படை நத்தம் கணவாய் வழியாகத் திரும்பும்போது கள்ளர்கள் மறித்துத் தாக்கிச் சிலைகளை மீட்டார்கள். ஹெரோன் விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் மேலூர்ச் சீமையை அடக்கப் படைகள் அனுப்பப்பட்டன, பெருந்திரளானோர் கொல்லப்பட்டார்கள்.

1895: மலை தாண்டி வந்த தண்ணீர்

வாளால் முடியாததைத் தண்ணீர் செய்தது. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையில் சேர்த்து, பேரணையிலிருந்து கால்வாய் வெட்டி மேலூர் வரை கொண்டுவந்தார்கள். பழைய கண்மாய்கள் பல இந்தக் கால்வாயோடு இணைந்தன.

இன்றைய கணக்கில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். ஒருபோகப் பாசனத்துக்குச் செப்டம்பர் 15 முதல் 120 நாள் தண்ணீர் விடுவது வழக்கம். அணையில் இருப்பு குறைந்தால் தேதி தள்ளிப்போகும், நாள் குறையும், முறை வைத்து விடுவார்கள். எந்தப் பற்றாக்குறையிலும் முதலில் காய்வது கடைமடை. அணையின் நீர்மட்டம் மேலூர் டீக்கடையில் அன்றாடச் செய்தியாக இருப்பது அதனால்தான்.

இந்தத் தண்ணீர் நெல்லையும் கரும்பையும் வாழையையும் கொடுத்ததோடு மக்களின் விதியையும் பிரித்தது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பகுதிப் பிறமலைக் கள்ளர் நாட்டுக்குப் பெரியாற்றுப் பாசனம் எட்டவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் அங்கே முழு பலத்தோடு இறங்கியது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நிலமும் பாசனமும் பெற்ற மேலூர்க் கள்ளர்கள் அந்தச் சட்டத்தின் கொடுமைக்குப் பெரும்பாலும் தப்பினார்கள்.

கூட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

அம்பலத்தின் பெருமையைப் பேசும்போது அதில் யாருக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். வயலில் வேலை செய்தவர்கள் தலித்துகள். மடையைப் பற்றிய முடிவு அவர்களைக் கேட்டு எடுக்கப்படவில்லை.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அந்த வாசலைத் தாண்டியவர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்து, காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைப் பார்த்து, பிறகு உள்துறை அமைச்சரானார். 1959இல் வைகை அணை திறந்தபோது அந்தத் துறை அவர் கையில் இருந்தது. மேலூர் வயலுக்குப் பாயும் தண்ணீரின் பொறுப்பு தும்பைப்பட்டிக்காரரிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் தலைநகரில் கிடைத்த இடம் ஊரில் கிடைக்கவில்லை. 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பும் மிரட்டலும் தேர்தலைக் குலைத்தன, வாக்குப்பெட்டிகளே பறிக்கப்பட்டன. மறுபடி நடந்த தேர்தலில் வென்று தலைவரான முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மீன் குத்தகையும் பொது நிலமும் ஊராட்சியின் அதிகாரத்துக்குள் வருபவை. ஊர்ப் பொதுச்சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலி கைமாறுவதைப் பொறுக்காத கோபம் அது.

மலையை அறுத்த காலம்

கீழவளவு, கீழையூர்ப் பகுதிக் குன்றுகளின் கல்லுக்கு உலகச் சந்தையில் மதிப்பு உண்டு. ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்ற கல் மேலூர்ப் பக்கத்துக் கல்தான். இதை வெட்டியெடுக்கக் கண்மாய்களும் ஓடைகளும் புறம்போக்கும் வளைக்கப்பட்டன. மலை போனதால் ஓடைக்கு நீர் இல்லை. கழிவுக்கல் குவிந்ததால் கண்மாய்க்கு வழி இல்லை.

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ.சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, கிரானைட் முறைகேட்டால் ஏற்பட்ட இழப்பை ரூ.16,338 கோடி என்று மதிப்பிட்டது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் தாக்கல் செய்த அறிக்கையில் இழப்பு ரூ.1 லட்சம் கோடியைத் தாண்டியது. நீர் நிரம்பிய பெரும் பள்ளங்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன.

இந்த அனுபவம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாடமானது. தொடக்கத்திலேயே தடுக்காவிட்டால் பிறகு விசாரணை அறிக்கைதான் மிஞ்சும். தங்கள் குன்றுகளைக் காக்க நின்ற அரிட்டாபட்டி மக்களின் முயற்சிக்கு 2022 நவம்பரில் பலன் கிடைத்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசின் அறிவிப்பே பட்டியலிட்டது. லகர் வல்லூறும் தேவாங்கும் அழுங்கும் அதில் அடக்கம்.

டங்ஸ்டன்: யாருக்கு அதிகாரம்?

2023இல் கனிமவளச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமை மத்திய அரசின் கைக்குப் போனது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை ஏலத்தில் எடுத்த நிறுவனமாக இந்துஸ்தான் ஜிங்க் 2024 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர். இரண்டே ஆண்டுக்கு முன் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த இடமும் அதற்குள் வந்தது.

அ.வல்லாளப்பட்டி, அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி என ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநில அரசு முதலிலேயே மறுத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்ல, எங்களை மீறி ஏலம் விட்டீர்கள் என்று மாநில அரசு சொன்னது. அம்பலகாரர்கள் டெல்லி வரை போய் மத்திய அமைச்சரைச் சந்தித்தார்கள். மறுநாள் ரத்து அறிவிப்பு வந்தது.

இந்தப் போராட்டத்தில் பழைய அம்பலமும் புதிய கிராமசபையும் ஒரே திசையில் இழுத்தன. இரண்டும் ஒன்றல்ல. அம்பலத்தில் பிறப்பு பேசுகிறது. கிராமசபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும், ஆணும் பெண்ணும், எந்தத் தெருக்காரரும், கை உயர்த்தலாம். 1997இல் ஆறு உயிரைக் குடித்தது இந்த இரண்டாவது கூட்டத்தின் மீதான வெறுப்பு. 2025இல் மலையைக் காத்ததில் அதே இரண்டாவது கூட்டத்தின் தீர்மானங்களுக்கும் பங்கு உண்டு.

மேலூரைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. அது சட்டமானாலும், எந்தக் கண்மாயைத் தூர்வாருவது, எந்தக் குன்றை விடுவது, கடைமடைக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதை ஊர்தான் உட்கார்ந்து பேசியாக வேண்டும். கூடிப் பேசுவதில் மேலூருக்குப் பழக்கம் உண்டு. மேலவளவின் தலித் தெருக்காரருக்கும் அதில் சமமாக உட்கார இடம் இருந்தால்தான், அடுத்த ஏல அறிவிப்பு வரும்போதும் இந்தச் சீமை ஒன்றாகக் கிளம்பும்.